ஊர் வீட்டில் நெற் சுத்துதா? எங்கே அடைபடுகிறது என்று முதலில் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து வீட்டில் வந்து இறங்கிய முதல் இரவே "நெற் சுத்திக்கொண்டு நிக்குது" என்பது வழக்கமான முறைப்பாடு. அதற்காகப் புது ரவுட்டர் வாங்கவோ பெரிய பக்கேஜுக்கு மாறவோ அவசரப்படாதீர்கள். பல வீடுகளில் அடைப்பு, நீங்கள் கொண்டுவந்த போனில்தான்.

ரொறன்ரோவில் வைபை என்றால் அளவில்லாதது. ஊரில் பெரும்பாலான பக்கேஜுகளுக்கு மாத அளவு உண்டு. பகலுக்கு ஒன்று, நள்ளிரவுக்குப் பிறகு ஒன்று என்று பிரித்தும் கொடுப்பார்கள். இது போனுக்குத் தெரியாது. வைபை கிடைத்ததும் அன்று எடுத்த படங்களையெல்லாம் ஐக்ளவுட்டுக்கோ கூகுள் போட்டோஸுக்கோ ஏற்றத் தொடங்கிவிடும். ஐபோனில் 4கே தரத்தில், செக்கனுக்கு 30 பிரேம் வீதம், ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 170 மெகாபைட். தேர்த்திருவிழாவை ஒரு மணித்தியாலம் எடுத்தால் 10 கிகாபைட். ஏற்றும் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட் என்றால், அது போய்முடிய 11 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு நேரமும் வீட்டில் மற்றவர்களின் நெற் இழுபடும். ஏனென்றால் வீடியோ பார்க்கும்போதும் கருவி "வந்து சேர்ந்தது" என்று ஓயாமல் பதில் அனுப்பவேண்டும்; ஏற்றும் பாதை நிரம்பினால் அந்தப் பதில்கள் வரிசையில் நிற்கும், வருவதும் தாமதமாகும்.

ஆகவே விமானம் ஏறுமுன்பே கூகுள் போட்டோஸில் 'பக்கப்'பை, அதாவது படங்கள் தானாக ஏறுவதை, நிறுத்துங்கள். ஐபோனில், ஊர் வைபையில் இணைந்ததும் செட்டிங்ஸ், வைபை, பெயருக்குப் பக்கத்து 'ஐ' குறி என்று போய் டேட்டாவை மிச்சப்படுத்தும் 'லோ டேட்டா மோட்'டைப் போடுங்கள். பிள்ளைகளின் ஐபேட்டையும் மறக்கவேண்டாம். மாத அளவு தீர்ந்தால் வேகத்தைப் பேருக்கு விட்டுவைப்பார்கள். நீங்கள் திரும்பிய பிறகு அம்மா உங்களோடு வீடியோவில் பேச முடியாமல் இருப்பது அதனால்தான்.

அடுத்து, வீட்டுக்கு நெற் எப்படி வருகிறது என்று பாருங்கள். தூணிலிருந்து மெல்லிய கறுப்பு வயர் வந்து பச்சை முனையோடு பெட்டியில் செருகியிருந்தால் அது பைபர். ஒரு கண்ணாடி இழையின் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். இறக்கும் பக்கத்தின் மொத்தக் கொள்ளளவு செக்கனுக்கு 2.5 கிகாபிட் என்பதால் மாலை நெரிசல் குறைவு. பெட்டியில் 'லொஸ்' (LOS) விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வந்து சேரவில்லை: வயரில் தென்னோலை விழுந்திருக்கும், அணில் கடித்திருக்கும், அல்லது உள்ளே அலுமாரிக்கால் நசுக்கியிருக்கும். வளைக்கும்போது 3 சென்ரிமீற்றர் ஆரத்தைவிட இறுக்காதீர்கள். கழற்றிய முனைக்குள் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கக்கூடும்.

சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் எல்லாமே வைக்கும் இடத்தில் தங்கியிருக்கிறது. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்ரிக்கரில் 192.168.8.1 போன்ற முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். போன் பிரவுசரில் திறந்து, சிக்னலின் பலத்தைக் காட்டும் 'ஆர்.எஸ்.ஆர்.பி.' (RSRP) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 85 நல்லது. மைனஸ் 100 சமாளிக்கும். மைனஸ் 110ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று காட்டும் 'எஸ்.ஐ.என்.ஆர்.' (SINR) 15க்கு மேல் இருந்தால் சிறப்பு, 5க்குக் கீழ் என்றால் இரைச்சல் கூட. நீட்டு வயர்க்கட்டையில் செருகி ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு நிமிடம் வைத்து எண்களைக் குறியுங்கள். தகரக் கூரையும் கொங்கிறீற் தட்டும் சிக்னலைத் தடுக்கும். மேல்மாடி யன்னல் பெரும்பாலும் வெல்லும். நல்ல இடத்தில் ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். வீடு கூட்டும்போது நகர்த்தினாலும் அதே இடத்துக்கே திரும்பவேண்டும்.

சிக்னல் நன்றாக இருந்தும் இரவு ஏழிலிருந்து பத்தரை வரை மெதுவானால் கோபுரத்தில் நெரிசல். ஒரே கோபுரத்தை ஊரே பகிர்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அந்தப் பக்கம் சனம் கூட. காலை ஐந்து மணிக்கு fast.com போன்ற சோதனைத் தளத்துக்குப் பதிலாக ஒரு வீடியோவையே ஓட்டிப் பாருங்கள். அப்போது தடங்கலில்லாமல் ஓடினால் ரவுட்டரில் பிழையில்லை.

ரவுட்டருக்குப் பக்கத்தில் வேகம், அறைக்குள் இல்லை என்றால் வைபைதான். பழைய வீடுகளின் தடித்த கல்லுச் சுவரை 5 கிகாஹேர்ட்ஸ் வைபை அலை இலகுவில் தாண்டாது. தூர அறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸை வைத்து, சானல் 1, 6, 11 இல் அயல்வீட்டுக்காரர் பாவிக்காத ஒன்றைப் போடுங்கள்.

உள்ளூர்ச் செய்தித்தளம் உடனே திறந்து, லண்டன் அழைப்பு மட்டும் தடுமாறினால் கடலடிக் கேபிளையும் சந்தேகிக்கலாம். 2025 செப்ரெம்பரில் செங்கடலில் அறுந்த கேபிள்களில் கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 உம் ஒன்று. அதற்கு வீட்டில் செய்ய எதுவுமில்லை.

கரண்ட் போனால் நெற்றும் போகிறதா? ரவுட்டர் அடப்ரரில் எழுதியிருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 2 அம்பியர். அதே வோல்ட்டும் அதற்குக் குறையாத அம்பியரும் தருகிற மினி யூ.பி.எஸ். (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் பற்றரிப் பெட்டி) ஒன்றை வாங்கிக் கொடுங்கள். முனையின் பருமனும் பொருந்தவேண்டும், ரவுட்டரைக் கடைக்கே கொண்டுபோய்ப் பாருங்கள்.