கரண்ட் போறப்ப இல்ல, திரும்ப வர்றப்பதான் கம்ப்யூட்டருக்கு கண்டம்

வீட்டு கம்ப்யூட்டர காப்பாத்தணும்னா எல்லாரும் நேரா போய் யூபிஎஸ் வாங்கிட்டு வந்துடுறாங்க, தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி சுவத்துல இருக்குற ப்ளக் பாயிண்ட்ட பாருங்க. அதுல எர்த்து (கசியுற கரண்ட்ட மண்ணுக்குள்ள இறக்குற கம்பி) செத்துக் கெடந்தா ஸ்பைக் பஸ்டர் (திடீர்னு எகிறுற வோல்டேஜ தடுக்குற ப்ளக் பெட்டி), யூபிஎஸ்னு எத வாங்கி வச்சாலும் பாதி வேலதான் செய்யும்.

வெறுங்கால்ல நின்னுட்டு கேபினெட்ட தொட்டா சுருக்குனு இருக்குதா? அதுதான் அடையாளம். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு கரண்ட மாத்திக் குடுக்குற பெட்டி, அதுக்குள்ள பேஸ்ல (கரண்ட் வர்ற கம்பி) இருந்து ஒண்ணு நியூட்ரல்ல (திரும்பிப் போற கம்பி) இருந்து ஒண்ணுன்னு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் பாடியில வந்து சேரும், எர்த்து இருந்தா அந்த கசிவு மண்ணுக்குள்ள போயிடும், இல்லன்னா 230ல பாதி, அதாவது 115 வோல்ட் கிட்ட கேபினெட்லயே நிக்கும். கரண்ட் அளவு ரொம்ப கம்மிதான், ஆனா அந்த நிலையில டிவியோ பிரிண்டரோ கேபிள் சொருகுறப்ப போர்ட் போயிடலாம். மூணு பின் ப்ளக்க ரெண்டு பின் அடாப்டர்ல மாட்டுறவங்களுக்கும் இதே கததான்.

எலக்ட்ரீசியன கூப்பிட்டு மல்டிமீட்டர்ல மூணு அளவு பாக்கச் சொல்லுங்க. பேஸ்-நியூட்ரல் 230 பக்கம், பேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்-எர்த்து ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. பேஸ்-எர்த்து ரொம்ப கம்மியா காட்டுனா வீட்டுக்குப் பின்னாடி இருக்குற எர்த்து குழிய போய் பாக்கணும், கோடையில மண்ணு காஞ்சு போய் கெடக்கும், ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துனாலே சில வீட்ல சரியாயிடும். கம்பி துருப்பிடிச்சு அத்துப் போயிருந்தா புதுசா போட்டுத்தான் ஆகணும்.

அடுத்தது நியூட்ரல் கட். த்ரீ பேஸ் லைன்ல நியூட்ரல் அறுந்துச்சுன்னா 230 வர வேண்டிய எடத்துல 300, 350னு ஏறும், ஏன்னா ரெண்டு பேஸுக்கு நடுவுல 400 வோல்ட் கிட்ட இருக்கு. லைட் திடீர்னு பளீர்னு எரிஞ்சு ஃபேன் பேய் மாதிரி சுத்துனா யோசிக்காம மெயின ஆஃப் பண்ணுங்க. மெயின் பாக்ஸ்ல ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒண்ணு போட்டுட்டா அதுவே கட் பண்ணிடும், என்ன கேட்டா யூபிஎஸ்க்கு முன்னாடி வாங்க வேண்டியது இதத்தான். லோ வோல்டேஜ்னு சேஞ்ச் ஓவர் சுவிட்ச திருப்பி பேஸ் மாத்துற வீடா இருந்தா, கம்ப்யூட்டர ஷட்டவுன் பண்ணிட்டு மாத்துங்க.

கரண்ட் போனதும் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கம்ப்யூட்டர் சுவிட்ச ஆஃப் பண்றது. ஏன்னா கரண்ட் திரும்ப வர்றப்ப தெருவுல எல்லா வீட்லயும் ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார்னு ஒரே நேரத்துல எழுந்திரிக்கும், லைன் வந்து போய் வந்து போய் ஆட்டம் காட்டும், வந்த பிறகு அஞ்சு நிமிஷம் விட்டு போடுங்க. பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற அடிப்படை புரோகிராம்) கரண்ட் வந்தா தானா ஆன் ஆகுறதுக்கு ஒரு செட்டிங் இருக்கும், அதையும் ஆஃப்ல வைங்க.

இப்ப யூபிஎஸ். 600 விஏன்னு போட்டிருந்தா பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதா கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும், பேட்டரி புதுசா இருக்கப்ப பத்து பதினஞ்சு நிமிஷம் வரும், சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ணத்தான் அந்த நேரம், படம் பாக்க இல்ல. கிராபிக்ஸ் கார்டு இருந்தா 1000 விஏக்கு மேல போங்க. லேசர் பிரிண்டர மட்டும் அதுல மாட்டாதீங்க, சூடாகுறப்ப ஒரே இழுப்பா இழுக்கும். யூபிஎஸ் உள்ள இருக்குறது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்துடும், மாசம் ஒருதடவ வேலையெல்லாம் சேவ் பண்ணிட்டு சுவத்து சுவிட்ச ஆஃப் பண்ணி தாங்குதான்னு பாத்துக்குங்க.

வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே அது போதாதான்னா, பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. கரண்ட் இல்லாம எஸ்எம்பிஎஸ் தம் கட்டுறது 16, 17 மில்லி செகண்ட்தான், யூபிஎஸ் மோடுல 10 மில்லி செகண்ட் பக்கத்துல மாறிடும், சாதா மோடுல அத விட நேரம் எடுக்குறதால கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும். ஒரு சிக்கல், யூபிஎஸ் மோடுல வோல்டேஜ் 180க்கு கீழ எறங்குனாலே பேட்டரிக்கு போயிடும், அதனால லோ வோல்டேஜ் ஏரியாவுல பேட்டரி சீக்கிரம் தீந்துடும். சதுர அலை இன்வெர்ட்டரா இருந்தா கம்ப்யூட்டர மாட்டாதீங்க, சைன் வேவ்தான் சரி.

சித்திர வைகாசி கோடை மழையும் ஐப்பசி அடமழையும் வர்ற மாசத்துல இடிக்கு எந்த பாக்ஸும் முழு கேரண்டி இல்ல. வானம் இருட்டிக்கிட்டு வர்றப்பவே ப்ளக்க புடுங்கிடுங்க, மின்னல் வெட்ட ஆரம்பிச்ச பிறகு போய் கை வைக்காதீங்க. லேன் கேபிளையும் சேத்து கழட்டணும், நெறைய பேர் கரண்ட் ப்ளக்க மட்டும் புடுங்கிட்டு இத விட்டுடுவாங்க, இடி அந்த வழியா வந்து போர்ட்ட தூக்கிடும்.

இவ்ளோ பண்ணியும் தெருவுக்கே வோல்டேஜ் ஆடுதுன்னா அது டிரான்ஸ்பார்மர் பக்கத்து கோளாறு. தமிழ்நாட்டுல இருக்குறவங்க மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987ல கம்ப்ளைண்ட் போடுங்க, கனெக்‌ஷன் நம்பர கையில வச்சுக்கிட்டு கூப்பிடுங்க, முதல்ல அதத்தான் கேப்பாங்க.