முதலில் ஒரு கல்வெட்டுப் புத்தகத்தை எடுங்கள்

எழுத்தமைப்பும் செயலி வடிவமைப்பும் பழக வேண்டும் என்று வருகிற பிள்ளைகளை நான் மடிக்கணினியைத் திறக்க விடுவதில்லை. வீட்டு அலுமாரியில் கிடக்கும் ஒரு கல்வெட்டைக் கொண்டுவரச் சொல்லுவேன். கல்லில் வெட்டியது அல்ல, இறந்தவரின் நினைவாக அவரின் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். யாழ்ப்பாணத்தில் அது இல்லாத வீடு குறைவு. அப்பப்பாவின் அந்தியேட்டிக்கு அடித்தது, பெரியம்மாவின் 31ஆம் நாளுக்கு அடித்தது என்று ஒன்றாவது இருக்கும். இப்போது கைபேசிச் செயலிகளுக்குத் தமிழ்த் திரைகள் அமைக்கிற நான், அதற்கு முன் பல வருடம் அச்சகத்தில் கல்வெட்டும் கண்ணீர் அஞ்சலியும் கலியாண அழைப்பிதழும் ரைப் செய்து பக்கம் கட்டியவள். இரண்டு தொழிலுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்வெட்டில் தேவாரம் உள்ள பக்கத்தைத் திறந்து, மேலே மெல்லிய கடதாசி ஒன்றை வையுங்கள். பென்சிலால் ஒவ்வொரு வரியிலும் கீழே தொங்குகிற வால்களையும் மேலே எழும்புகிற வளைவுகளையும் மட்டும் வரையுங்கள். ழு, ணு, மூ கீழே இறங்கும். கி, கீ மேலே ஏறும். ஒவ்வொரு மெய்யின் தலையிலும் புள்ளி நிற்கும். மேல்வரியில் ‘வாழும்’ வந்து அதன் நேர்கீழே ‘கீரிமலை’ வந்தால், ழுவின் வாலும் கீயின் சுழியும் எங்கே சந்திக்கின்றன? முட்டுகிற இடத்தில் வட்டம் போடுங்கள். பக்கங்களைக் குறைக்க வரிகளை நெருக்கிய கல்வெட்டில் ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வட்டம் விழும். கண்ணாடி போட்டவர்கள் அந்த இடங்களில்தான் வரி மாறி வாசிக்கிறார்கள்.

இது விளங்கிவிட்டால் வரி உயரம் பற்றி நான் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலப் பாடங்களில் தலைப்புக்கு எழுத்தளவின் 1.2 மடங்கு போதும் என்பார்கள். ஈரடித் தமிழ்த் தலைப்பில் அது மோதும், 1.4க்குக் கீழே போகாதீர்கள். தலைப்புக்குக் கீழே வருகிற பத்தி எழுத்து 16 பிக்சல் என்றால் வரிக்கு வரி 26 அல்லது 27 விடுங்கள். திரை நீளும்தான். நீளட்டும்.

அடுத்தது தடிப்பு. ‘இஞ்சி’ என்று சின்ன அளவில், எழுத்துருவின் மிகத் தடித்த வடிவில் அடித்து, கைபேசியைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இயின் சுழியும் ஞவின் உள்வெளியும் அடைபட்டு இரண்டு கறுப்புப் பொட்டுத்தான் தெரியும். எழுத்தை வாசிக்க வைப்பது மையைவிட அதற்குள் இருக்கிற வெள்ளை. தமிழில் அந்த வெள்ளை சின்னச் சின்னதாகப் பல இடங்களில் இருக்கிறது, அதனால் நடுத்தரத் தடிப்பே போதும்.

சாய்வெழுத்து தமிழின் மரபல்ல, விடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு நம்மிடம் இல்லை, ஆகவே தலைப்பை அளவும் தடிப்பும் இடைவெளியும்தான் பிரித்துக் காட்ட வேண்டும். எழுத்திடைவெளியை அகட்டவே வேண்டாம். கொ என்பது கொம்பு, க, அரவு என்று மூன்று துண்டாகிப் போகும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் (Catamaran) மூன்றும் இலவசம். ஒரு மாதம் ஒன்றோடு மட்டும் இருங்கள்.

இனி விரல். ஊர் வாசிகசாலைக்கு அங்கத்தவர் பதிவுத் திரை ஒன்று செய்யுங்கள். பெயர், ஊர், தொலைபேசி, ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

ஊர்ப் பெட்டிக்கு 10 எழுத்து எல்லை வைத்து ‘யாழ்ப்பாணம்’ என்று அடியுங்கள். யா, ழ், ப், பா, ண, ம் என்று நமக்கு ஆறெழுத்து. கணினிகள் எழுத்தைச் சேமிக்கிற பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு அரவும் புள்ளியும் தனித்தனிக் குறி, ஆகவே அதன் கணக்கில் 11. கடைசிப் புள்ளி விழுந்து ‘யாழ்ப்பாணம’ என்று நிற்கும். ஊரின் பெயரையே முழுதாக எழுத விடாத பெட்டி அது.

அடுத்துப் பெயர். ‘கௌரி’ என்று பதிந்துவிட்டு, ‘கெளரி’ என்று தேடுங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் கிடைக்காது. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் ளவும். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் கொம்பை முதலில் அடித்து, பிறகு க, பிறகு ள அடிப்பார்கள். அந்த எழுத்துருவில் அதுதான் சரியான வழி. அந்தப் பழக்கம் யுனிகோடுக்கும் வந்துவிட்டது. என் மச்சாளின் பெயரும் கௌவில் தொடங்குவதுதான். ஓர் அலுவலகத்தில் அவவுக்கு இரண்டு கோப்பு உண்டாகி, ஒன்றில் கட்டிய காசு மற்றதில் இல்லாமல், மூன்று தரம் அலைந்தா. பிழை அவவுடையதும் அல்ல, ரைப் செய்த பிள்ளையுடையதும் அல்ல. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக எண்ணித் தேடும்படி அமைத்திருக்க வேண்டும். நிரல் எழுதுபவரிடம் இதைக் கேட்டு வாங்குவது வடிவமைப்பாளரின் வேலை.

பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போடாதீர்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அது இரண்டாக உடையும், பொருளும் தூரம். ‘பதிவு செய்’ போதும். ஆண்ட்ராய்டு வழிகாட்டி பொத்தானுக்கு 48 அலகு கேட்கிறது, திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அடைய நேரம் கூடும் என்று உளவியலாளர் போல் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டினார். ஆகவே பொத்தானைப் பெருவிரலுக்குக் கிட்ட வையுங்கள். அழுத்திய உடனே, 0.1 செக்கனுக்குள், ஏதாவது மாற வேண்டும். நிறம் மங்கி ‘பதிகிறது’ என்று வந்தாலும் சரி. சிக்னல் இழுபடும் இடத்தில் ஒன்றும் மாறாவிட்டால் மனிசர் மூன்று தரம் அழுத்துவார்கள், மூன்று அங்கத்தவர் உருவாகும்.

‘தவறான உள்ளீடு’ என்ற வசனத்தையும் எடுத்துவிடுங்கள். ‘தொலைபேசி இலக்கத்தில் 10 எண் வேண்டும், 9தான் இருக்கிறது’ என்று எழுதுங்கள்.

இனி வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ‘வாசிகசாலையிலை உங்கடை பேரைப் பதியுங்கோ’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். என் பெரியம்மா ஊர்ப் பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு, ‘பிள்ளை, இதுக்கை பிறந்த ஊரோ இப்ப இருக்கிற ஊரோ?’ என்று கேட்டா. எனக்கு அது தோன்றவே இல்லை. பதில் சொல்ல வாய் உன்னும், சொல்லாதீர்கள். விரல் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அன்றிரவே திருத்துங்கள். திருத்தியதை அவரிடமே திரும்பக் கொண்டுபோக வேண்டாம், அவருக்கு இப்போது வழி தெரியும். பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.