எந்த மாதத்துக்குப் பயந்தீர்கள்?

ஒருவர் உலகத்தை ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமானால், அவருடைய கொள்கை என்ன என்று கேட்காதீர்கள். எல்லாரும் அழகாகத்தான் பதில் சொல்வார்கள். "சின்ன வயசில் உங்கள் வீட்டில் எந்த மாதத்துக்குப் பயப்படுவார்கள்?" என்று கேளுங்கள். நான் வானம் பார்த்த பூமியான முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்து, காவிரித் தண்ணீர் பாயும் மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பயம் ஐப்பசி. புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லைப் போட்டுவிடுவார்கள். மழை இறங்கிக் கண்மாய் பெருகினால் அறுப்பு, இல்லையென்றால் இல்லை. வானத்திடம் மனு கொடுக்க முடியுமா? அதனால் எங்கள் பக்கத்துப் புத்தி சேர்த்து வைக்கிற புத்தி. மூட்டையில் மிளகாய் வற்றல், குடம் குடமாகத் தண்ணீர், வெளியூரில் சம்பாதிக்க ஒரு பிள்ளை.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வைகாசிதான் பயம். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால்தான் குறுவை, அதாவது குறுகிய கால நெல். அணையின் முழு மட்டம் 120 அடி; இன்றைக்கு எத்தனை அடி என்பது அந்த வீட்டில் காலைக் காபியோடு வரும் பேச்சு. அங்கே தண்ணீர் மேலே யாரோ எடுக்கும் முடிவிலிருந்து வருகிறது. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக அச்சானபோதும் அத்தை கேட்டது, "இதுக்கு யாரைப் பாக்கணும்?" அம்மாவாக இருந்தால், "இருக்கிறத வச்சு ஓட்டு" என்றிருப்பார்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "எப்படி இருந்தது?" என்றால் கதை வரும். "அந்த மாதம் முதலில் யாரிடம் போனீர்கள், எதை மிச்சம் பிடித்தீர்கள்?" என்றால் விஷயம் வரும். கை வேலையாக இருக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போதோ புளி கரைக்கும்போதோ கேளுங்கள். அப்புறம் அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறதா என்று வீட்டைப் பாருங்கள். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும் வீட்டிலும் அம்மா படுக்கப் போகுமுன் எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பிவிடுவார்.

இன்னொரு சோதனையும் உண்டு. ரயில், பஸ், தண்டவாளம், இதில் எந்த இரண்டு சேரும்? இந்த மாதிரிக் கேள்விகளைத் தாமஸ் டால்ஹெல்ம் என்ற ஆய்வாளரின் குழு சீன மாணவர்களிடம் கேட்டு 2014இல் வெளியிட்டது. நெல் விளையும் தெற்கத்தியர் ஒன்றோடொன்று உறவுள்ளதை, அதாவது ரயிலையும் தண்டவாளத்தையும், சேர்ப்பது அதிகம். கோதுமை விளையும் வடக்கத்தியர் ஒரே வகையானதை, ரயிலையும் பஸ்ஸையும், சேர்ப்பது அதிகம். நெல்லுக்கு வாய்க்காலை ஊரோடு கூடிப் பங்கிட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். விளையாட்டுக்குச் செய்து பாருங்கள். ஆனால் அம்மா, அத்தை இருவருமே நெல்லுக்காரர்கள், அவர்களைப் பிரித்துக் காட்ட இது உதவாது. அதற்கு மாதக் கேள்விதான்.

ஒரு வீட்டுப் பதிலை ஊர்ப் பதிலாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அத்தை வயலில் கூலிக்கு நடவு செய்த ஒரு பெண்ணைக் கேட்டேன். அவர் பயந்தது ஐப்பசி, கார்த்திகைக்கு: ஆறு நிறையத் தண்ணீர், ஆனால் நடவும் களையும் முடிந்துவிடும், அறுப்பு வந்திருக்காது, கூலி இல்லை. அத்தை நிம்மதியாக இருந்த மாதங்கள் அவை. ஆகவே நிலம் வைத்திருந்தவர், கூலிக்குப் போனவர் இருவரிடமும் கேளுங்கள்.

டவுனில் வளர்ந்தவர்களிடம் தமிழ் மாதம் எடுபடாது. என் மகனிடம் கேட்டேன். "ஜூன்தான், ஸ்கூல் ஃபீஸ்" என்றான், யோசிக்கவே இல்லை.