முகாம் பிள்ளைகளுக்குக் கோடிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கைத் தமிழர் அகதி முகாமில் எடுத்த முதல் வகுப்புக்கே படகுப் படத்தோடு போய் நின்றோம். கடல் தாண்டி வந்தவர்களாயிற்றே, அந்தக் கதையை ஸ்க்ராட்சில் (கட்டளைத் துண்டுகளை அடுக்கிப் பிள்ளைகள் கோடிங் பழகும் செயலி) ஓடவிடட்டும் என்று நினைப்பு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், நான் இங்கதான் பிறந்தேன். எங்க அம்மாவும் இங்கதான்" என்றான். 1983-இல் இலங்கையிலிருந்து வரத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர்கூட மாறிவிட்டது. நாம்தான் இன்னும் படகிலேயே இருக்கிறோம். அவன் செய்ய ஆசைப்பட்டது கிரிக்கெட் ஸ்கோர் போர்டு.

அடுத்தது, வீட்டுப்பாடம் கொடுத்தது. பல முகாம்களில் வீடு என்பது 10க்கு 10 அறை. சமையல், படுக்கை, பாட்டியின் டிவி எல்லாம் அதற்குள்தான். வகுப்பில் முடிவதை வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். இணையத்தையும் நம்ப வேண்டாம்: ஸ்க்ராட்சுக்கு ஆஃப்லைன் செயலி உண்டு, பென் டிரைவில் கொண்டுபோய் எல்லாக் கணினியிலும் முன்கூட்டியே போட்டுவிடலாம். இரண்டு பேருக்கு ஒரு கணினி போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்; இல்லையென்றால் பெண் பிள்ளைகள் கடைசிவரை வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

கூடவே செய்யும் தவறு, அவசரப்பட்டுத் திருத்துவது. 100 அடி நகர், 90 டிகிரி திரும்பு, இதை 4 முறை செய் என்றால் சதுரம் வரும். ஒரு பெண் 91 என்று அடித்துவிட்டாள். கோடு லேசாகக் கோணிக்கொண்டு போனது. திருத்தக் கை நீட்டினேன். அதற்குள் அவளே 4-ஐ 360 ஆக்கிவிட்டாள். சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று சுழன்று, திரை நடுவே வட்டமாக ஒரு வலை விழுந்தது. பக்கத்திலிருந்தவள் "கோலம்டி!" என்றாள். அப்புறம் அன்றைக்கு நான் நடத்த வைத்திருந்த பாடம் எதுவும் நடக்கவில்லை. 89, 120, 121 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நாள் குறிக்கும் முன் முகாம் தலைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியாட்கள் உள்ளே வர அனுமதி வாங்க வேண்டும். அதிகாரிகள் ஆள் சரிபார்க்க வரும் நாளில் வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். "ஆர்வமே இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பிய தன்னார்வலர்களை எனக்குத் தெரியும். புகைப்படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. "கோடிங் கற்றால் ஐடி வேலை" என்று ஆசை காட்டுவது. முகாமில் பொறியியல் முடித்தவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு வழியில்லை, தனியார் நிறுவனங்களும் ஆவணம் கேட்டுத் தயங்குகின்றன. சில அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தரும் 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. பட்டம் வாங்கிவிட்டுப் பெயிண்டிங் வேலைக்குப் போகும் அண்ணன் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்தவர்தான். அவர் முன்னால் நம் வாக்குறுதி செல்லாது.

எங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பைத்தான் என்ற கணினி மொழி எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர். உள்ளே கூப்பிட வேண்டும் என்று எங்களுக்கு உறைக்க நான்கு மாதம் ஆனது. இப்போது அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.