அளவு நாடாவுடன் தொடங்குங்கள்: புதிய தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தொலைக்காட்சி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தோ கடையிலிருந்தோ தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம், வீட்டில் வழக்கமாக அமர்ந்து பார்க்கும் நாற்காலி. அதில் அமர்ந்தால் கண் இருக்கும் இடத்திலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை உள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, பகலில் பார்ப்பது அதிகமா இரவில் பார்ப்பது அதிகமா, எல்லோரும் நேர் எதிரே அமர்வார்களா அல்லது சிலர் பக்கவாட்டில் அமர்வார்களா என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்களில் பாதி, இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது பொருளற்றுப் போய்விடும்.

திரையின் அளவாகச் சொல்லப்படும் அங்குலம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையிலான குறுக்களவு. 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலமும் 68 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரமும் கொண்டது. 65 அங்குலத் திரைக்கு அவை 144, 81 சென்டிமீட்டர் என ஆகின்றன. எண்ணில் பத்துதான் கூடியிருக்கிறது. பரப்பளவோ ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆகவே ஒரு படி பெரிய திரையை வாங்கலாமா என்று யோசிப்பவர், தான் நினைப்பதைவிடப் பெரிய மாற்றத்தைப் பற்றி யோசிக்கிறார்.

எந்தத் தூரத்துக்கு எந்த அளவு என்பதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் அளவுகோல் உண்டு. பொதுவான பார்வைக்குத் திரையின் அகலம் நம் பார்வையில் 30 பாகையை (டிகிரியை) நிரப்பினால் போதும். திரையரங்கில் அமர்ந்திருப்பது போன்ற உணர்வு வேண்டுமென்றால் 40 பாகை வரை போகலாம். கணக்காகச் சொன்னால், பார்க்கும் தூரத்தை 1.6 ஆல் வகுத்தால் முதல் வகைக்கான குறுக்களவும், 1.2 ஆல் வகுத்தால் இரண்டாம் வகைக்கான குறுக்களவும் கிடைக்கும். இதன்படி 2 மீட்டர் தூரத்தில் அமர்பவருக்கு 49 அங்குலமும், 2.5 மீட்டருக்கு 61 அங்குலமும், 3 மீட்டருக்கு 74 அங்குலமும் குறைந்தபட்ச நிறைவைத் தரும். செய்தியும் பாட்டுப் போட்டியும் மட்டும் ஓடும் வீட்டில் இதைவிடச் சிறியது வாங்கினால் குற்றமில்லை. படமும் விளையாட்டும் விரும்பிப் பார்ப்பவர்கள் வாங்கிய சில மாதங்களில் இன்னும் கொஞ்சம் பெரிதாக எடுத்திருக்கலாமே என்றுதான் சொல்கிறார்கள். பெரிதாக எடுத்துவிட்டோம் என்று வருந்துபவர்கள் அரிது.

கணக்கை நம்பத் தயக்கமாக இருந்தால், பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க நினைக்கும் திரையின் அகல உயரத்துக்கு வெட்டிச் சுவரில் இரண்டு நாள் மாட்டிவையுங்கள். கண்ணும் அறையும் அந்த அளவுக்குப் பழகுமா என்பது தெரிந்துவிடும். திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். படத்தை மாட்டுவதுபோல உயரத்தில் மாட்டினால் கழுத்துதான் விலை கொடுக்கும். மேசைமேல் வைப்பவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும்: பல மாடல்களில் தாங்கும் கால்கள் திரையின் இரு ஓரங்களில் இருப்பதால், மேசையின் நீளம் கால்களுக்கு இடையிலான தூரத்தைவிடக் குறைந்தால் பெட்டியை வைக்கவே முடியாது. சுவரில் மாட்டுவதாக இருந்தால், பின்புறத் திருகுத் துளைகளின் இடைவெளியைக் குறிக்கும் வேசா அளவையும் பெட்டியின் எடையையும் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் மாட்டியை வாங்க வேண்டும்.

அடுத்து ரெசல்யூஷன், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளான பிக்சல்களின் எண்ணிக்கை. ஃபுல் எச்டி திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்களும், 4கே திரையில் 3840க்கு 2160 என்ற கணக்கில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்களும் உள்ளன. நான்கு மடங்கு என்பதைக் கேட்டவுடன் நான்கு மடங்கு தெளிவு என்று தோன்றும். ஆனால் இயல்பான பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் உள்ள புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய இயலாது. 55 அங்குல ஃபுல் எச்டி திரையில் அந்த எல்லை ஏறத்தாழ 2.2 மீட்டர், அதற்கு அப்பால் அமர்ந்தால் புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படியிருந்தும் 4கே வாங்குவதே முறை என்பேன். காரணம் பிக்சல் அல்ல, நல்ல பேனல்களும் (படத்தைக் காட்டும் திரைப்பலகைகளும்) நல்ல ஒளியமைப்பும் இப்போது 4கே வரிசைகளில்தான் வருகின்றன. 8கே திரைக்கு இந்த நியாயமும் இல்லை. அதற்கென எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகள் மிகக் குறைவு, வீட்டுத் தூரத்தில் வேறுபாடும் புலப்படாது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய தரத்தில் ஒளிபரப்பாகும் சேனல்களையே அதிகம் பார்க்கும் வீட்டில், புதிய 4கே திரை சில நேரம் பழைய பெட்டியைவிட மங்கலாகத் தெரியும். குறைந்த பிக்சல் கொண்ட படத்தைப் பெரிய திரைக்கு ஏற்ப விரித்துக் காட்டும் வேலையைப் பெட்டிக்குள் உள்ள செயலி செய்கிறது. மலிவான மாடல்களில் விலை குறைக்கப்படும் இடங்களில் அந்தச் செயலியும் ஒன்று.

படத்தரத்தில் கண் முதலில் உணர்வது கறுப்பின் ஆழத்தை. இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை பிக்சல் இருந்தாலும் படம் வெளிறியே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளத் திரை எப்படி இயங்குகிறது என்று அறிவது அவசியம். கடையில் எல்இடி டிவி என்று விற்கப்படுவது உண்மையில் எல்சிடி திரைதான். பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் ஒளி தர, முன்னால் உள்ள திரவப் படிகங்கள் சிறு கதவுகளைப்போல அந்த ஒளியை விடவோ தடுக்கவோ செய்கின்றன. கதவு மூடினாலும் ஒளி சற்றுக் கசியும். எவ்வளவு கசிகிறது என்பது பேனலின் வகையைப் பொறுத்தது. ஐபிஎஸ் வகையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. விஏ வகையில் அது மூவாயிரத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும் இருக்கும். ஆனால் விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும், ஐபிஎஸ்ஸில் அவ்வளவாக வெளுக்காது. நீங்கள் எழுதிவைத்த தாளில் யார் எங்கே அமர்கிறார்கள் என்ற குறிப்பு இங்கேதான் பயன்படுகிறது.

கசிவைக் குறைக்கும் வழி, படத்தில் இருண்டிருக்கும் இடத்தின் பின்னுள்ள விளக்குகளை மட்டும் தணிப்பது. இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். விளக்குகள் திரையின் ஓரத்தில் மட்டும் இருந்தால் இதனால் பெரிய பயன் இல்லை. திரையின் பின்புறம் முழுவதும் பரவியிருந்து, பல பகுதிகளாகப் பிரித்துக் கட்டுப்படுத்தப்பட்டால் பயன் தெரியும். மினி எல்இடி என்ற பெயரில் வருபவை இந்த வகையின் முன்னேறிய வடிவம். அவற்றில் பகுதிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை போகிறது. பகுதிகள் குறைவாக இருந்தால், கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ஆகவே மினி எல்இடி என்ற பெயரை மட்டும் பார்க்காமல், எத்தனை பகுதிகள் என்று கேளுங்கள்.

ஓஎல்இடி திரையில் பின்னொளியே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாகவே இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் பெரிதாகக் கெடாது. இருட்டறையில் திரைப்படம் பார்ப்பவருக்கு இதற்கு நிகர் இல்லை என்றே கருதுகிறேன். குறைகள் இரண்டு: திரை முழுவதும் வெளிச்சமான காட்சிகளில் நல்ல மினி எல்இடி அளவுக்கு ஒளி வராது, ஒரே சேனலின் சின்னமும் ஓடும் செய்திப் பட்டையும் பல ஆண்டுகள் நாள்தோறும் மணிக்கணக்கில் நின்றால் திரையில் தடம் பதியும் வாய்ப்பு உண்டு. பகலெல்லாம் செய்திச் சேனல் ஓடும், சன்னல் வெளிச்சம் நிறைந்த கூடத்துக்கு ஓஎல்இடியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

க்யூஎல்இடி என்ற பெயர் ஓஎல்இடியோடு ஓர் எழுத்தில்தான் வேறுபடுகிறது என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட படலம் சேர்க்கப்பட்ட எல்சிடி திரை. நிறங்கள் செறிவாக வரும், ஆனால் அதனால் கறுப்பும் ஆழமாகும் என்று பொருளல்ல. அந்தக் குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் முறையான எச்டிஆர் என்ற சொல் இப்போது ஏறத்தாழ எல்லா அட்டைப்பெட்டிகளிலும் இருக்கிறது. பழைய முறைப் படங்கள் 100 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியை அளவாகக் கொண்டு தயாரிக்கப்பட்டன. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட், சில 4000 நிட் உச்ச ஒளியை அளவாகக் கொண்டவை. 300 நிட் மட்டுமே தரும் திரை எச்டிஆர் சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதைக் காட்ட அதனிடம் வெளிச்சம் இருக்காது. எனவே உச்ச ஒளி எத்தனை நிட் என்பதையும், பேனல் 10 பிட் வகையா என்பதையும் கேட்டறிய வேண்டும். 8 பிட் பேனலில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024 படிகள். அந்திவானம் பட்டை பட்டையாகத் தெரிவதும் சீராகக் கரைவதும் இந்த வேறுபாட்டில் அமைகிறது. டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் ஆகியவை காட்சிக்குக் காட்சி ஒளியைத் திருத்தும் கூடுதல் முறைகள். இருந்தால் நல்லது, அவற்றுக்காக மட்டும் பேனலில் சமரசம் செய்யக் கூடாது.

அசைவைப் பொறுத்தவரை 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்பவை பேனல் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைச் சொல்கின்றன. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. 120 என்பது 24இன் மடங்காதலால் ஒவ்வொரு சட்டகமும் சமமாக ஐந்து முறை காட்டப்படும். 60இல் ஒன்று மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறி வருவதால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் சிறு தடுமாற்றம் தெரியும். விளம்பரத்தில் மோஷன் என்ற சொல்லோடு வரும் பெரிய எண்களை ஒதுக்கிவிட்டுப் பேனலின் உண்மையான எண்ணைக் கேளுங்கள். விளையாட்டுக் கன்சோல் இணைப்பவர்கள், 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் ஏற்கும் எச்டிஎம்ஐ 2.1 துளைகள் எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் நான்கில் ஒன்றோ இரண்டோதான் அந்தத் திறன் கொண்டவை.

இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போகலாம். அங்கே வரிசையாக ஒளிரும் திரைகள் எல்லாம் பளிச்சென்ற விவிட் நிலையில், நீலம் தூக்கலாக வைக்கப்பட்டு, பூவும் பவளப்பாறையுமான காட்சிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். எந்தத் திரையும் அந்தக் காட்சிகளில் அழகாகவே தெரியும். ரிமோட்டைக் கேட்டு வாங்கி, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்ற நிலைக்கு மாற்றுங்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான மூன்று காட்சிகளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்: இருளில் நடக்கும் ஒன்று, மனித முகம் அண்மையில் தெரியும் ஒன்று, பந்து வேகமாகப் பாயும் விளையாட்டு ஒன்று. முகத்தின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்பது எந்த எண்ணையும்விட நம்பத்தக்க சோதனை. பூவின் நிறம் தவறினால் கண்டுபிடிக்க முடியாத கண், தோலின் நிறம் தவறினால் உடனே கண்டுபிடித்துவிடும். பிறகு பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து பாருங்கள். கைப்பேசி விளக்கை ஏற்றித் திரையில் எவ்வளவு பிரதிபலிக்கிறது என்பதையும் பாருங்கள், உங்கள் வீட்டுச் சன்னல் அப்படித்தான் அதில் தெரியும்.

ஒலிக்காகத் தொலைக்காட்சியின் விலையைக் கூட்ட வேண்டாம். மெல்லிய பெட்டிக்குள் நல்ல ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பின்னர் ஒரு சவுண்ட்பாரை ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ இஆர்க் துளை வழியாக இணைத்துக்கொள்ளலாம். மென்பொருளும் அப்படியே. பெட்டியில் உள்ளது சில ஆண்டுகளில் தளர்ந்துபோனால் சிறிய ஸ்ட்ரீமிங் கருவியைச் செருகிவிடலாம். பின்னால் மாற்ற முடியாதது பேனல் ஒன்றுதான், ஆகவே பணம் முதலில் அதற்கே போக வேண்டும்.

விலை கைக்கு எட்டவில்லை என்றால் 8கே, மெல்லிய வடிவம், குரல் கட்டளை ஆகியவற்றை முதலில் விட்டுவிடுங்கள். அடுத்து, கன்சோல் இல்லாத வீட்டில் 120 ஹெர்ட்ஸை விடலாம். நல்ல ஒளியமைப்புள்ள 55 அங்குலத்துக்கும் ஓர ஒளி மட்டுமுள்ள 65 அங்குலத்துக்கும் ஒரே விலை என்றால் முடிவு கடினம். இரவில் படம் பார்ப்பவர் முன்னதையும், பகலில் குடும்பத்தோடு விளையாட்டுப் பார்ப்பவர் பின்னதையும் எடுக்கலாம். மிச்சம் பிடிக்கச் சிறந்த வழி சென்ற ஆண்டின் மாடல்: புதியவை வந்தவுடன் பழைய உயர்தர மாடலின் விலை இறங்கும், படத்தரத்தில் இழப்பு சிறிதாகவே இருக்கும். மாடல் எண்ணை மட்டும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலே உள்ளே வேறு பேனல் இருக்கலாம். ஒரே வரிசையில்கூட ஓர் அளவுக்கு விஏ, இன்னோர் அளவுக்கு ஐபிஎஸ் என்று அமைவது உண்டு.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே முழுச் சாம்பல், முழு வெள்ளை, முழுக் கறுப்பு ஆகிய மூன்று நிறங்களைத் திரை நிறைய ஓட்டிப் பாருங்கள். சாம்பலில் அழுக்குப் போன்ற திட்டுகளும், வெள்ளையில் செத்த பிக்சல்களும், கறுப்பில் மூலைகளில் கசியும் ஒளியும் தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த தெர்மோகோல் துண்டுகளையும் தூக்கி எறிய வேண்டாம்.