பனியாற்றின் மேல் இருக்கும் பாக்டீரியாவுக்கு மாதிரி எடுப்பது எப்படி?

கோடையில் பனியாற்றின் மேல் நடந்தால் அங்கங்கே வட்டமான குழிகள் தெரியும், உள்ளே தெளிந்த நீர், அடியில் கரிய வண்டல். அந்த வண்டலுக்கு க்ரையோகோனைட் என்று பெயர், 1870-ல் கிரீன்லாந்து போன ஆய்வுப்பயணி நோர்டென்ஷெல்ட் வைத்தது. காற்றில் வந்து விழுந்த தூசி வெயிலை உறிஞ்சி, தனக்குக் கீழே இருக்கும் பனியை உருக்கிக்கொண்டே இறங்குவதால்தான் குழி உண்டாகிறது. முதல் மாதிரிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

குழிக்குப் போகும் முன் ஒரு விஷயம். பனியாற்றில் தனியாகப் போகக் கூடாது. பனியில் பிளவுகள் எங்கே என்று தெரிந்த வழிகாட்டியும் கயிறும் வேண்டும், அந்தந்த நாட்டு அனுமதியும் வேண்டும்.

சரி, குழிக்கு வந்தாச்சு. காற்று உங்கள் பக்கமிருந்து குழிப் பக்கம் வீசினால் உங்கள் சட்டையிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருவதெல்லாம் உள்ளே விழும், அதனால் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் உட்காருங்கள். புதுக் கையுறை போட்டு, முதலில் குழியின் ஆழம், அகலம், நீரின் வெப்பநிலை (பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்) எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பிறகு கிருமிநீக்கிய பெரிய சிரிஞ்சால் வண்டலை மெதுவாக உறிஞ்சி 50 மில்லி குழாயில் விடுங்கள். கலக்கினால் கெட்டது. ஏனென்றால் அது வெறும் சேறு இல்லை, கடுகு மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள். இழை இழையான சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) மணல் துகள்களைச் சுற்றிப் பின்னி, தான் சுரக்கும் பசையால் ஒட்டி வைத்திருக்கும். ஒன்றை ஒளிர் நுண்ணோக்கியில் வைத்துப் பச்சை ஒளி பாய்ச்சினால் அந்த இழைகள் சிவப்பாக மின்னும், பார்த்தால் விட மனசு வராது.

குழி இல்லாத வெறும் பனிதான் நிஜமான தலைவலி. உருகிய நீரில் மில்லிக்குச் சில ஆயிரம் செல்கள்தான் இருக்கும், உங்கள் தோலிலிருந்து கொஞ்சம் விழுந்தாலே மாதிரி உங்களைப் பற்றியதாகிவிடும். எரிசாராயத்தில் துடைத்த உளியால் மேல் சில சென்டிமீட்டரைச் சுரண்டிப் பையில் போடுங்கள், ஒரு லிட்டராவது நீர் கிடைக்கிற அளவுக்கு. கூடவே கிருமியற்ற நீரை அங்கேயே ஒரு குழாயில் ஊற்றி மூடி எடுத்து வாருங்கள், அதுதான் வெற்று மாதிரி, வெளியிலிருந்து என்ன கலந்தது என்று அதுதான் காட்டும். இதை விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம் வருத்தப்படுவார்கள்.

ஆய்வகத்தில் அவசரப்பட்டு வெளியே வைத்து உருக்காதீர்கள். இருட்டில், 4 டிகிரியில் மெல்ல உருகட்டும், இல்லாவிட்டால் வேகமாகப் பெருகும் சில வகைகள் மற்றதை அமுக்கிவிடும். அப்புறம் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பாக்டீரியா தங்கிய அந்த வடிகட்டியை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். டி.என்.ஏ. பிரித்து, எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தும்போது வெற்று மாதிரியையும் அதே கையோடு ஓட்டுங்கள். டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டிலேயே ரால்ஸ்டோனியா போன்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒட்டியிருப்பது உண்டு, வெற்று மாதிரியிலும் அது வந்திருந்தால் உங்கள் பட்டியலில் அதை நம்ப வேண்டாம்.

வளர்த்துப் பார்க்க ஆசையா? சத்துக் குறைந்த ஆர்2ஏ அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தடவி 4 டிகிரியில் விடுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது, தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சிலது முளைக்க ஒரு மாதம்கூட ஆகும்.