உரிமைக்காக நின்ற வாத்தியாருக்கு நினைவேந்தல்: எப்படி நடத்தலாம்?

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, வாலிநோக்கம் என்று நம் கடற்கரையில் எந்த ஊரைக் கேட்டாலும், பகலில் பாடம் நடத்திவிட்டு சாயங்காலம் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்த ஒரு வாத்தியாரையோ டீச்சரையோ சொல்வார்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர், டீக்கடையில் தனிக் குவளை ஏன் என்று கேட்டவர், இலங்கைச் சிறையில் கிடந்த மீனவரின் மனைவிக்குத் துணையாகக் கலெக்டர் ஆபீஸ் வரை போனவர். அவர் காலமானால் ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு மாலை, நாலு பேர் பேச்சு, அவ்வளவுதான். எதற்காகப் போராடினார் என்பது அடுத்த வருஷமே மறந்துவிடுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் நாள் குறிப்பது. வீட்டார் செய்யும் காரியம், ஃபாத்திஹா, பூசை எதுவானாலும் அது அவர்களுடையது, அதில் தலையிடாதீர்கள். ஊர்க்கூட்டத்தைத் தனியாக வையுங்கள், படகு கடலுக்குப் போகாத நாளாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் என்பதால் அப்போது நிறைய பேர் கரையில் இருப்பார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், அவர்கள் வரமுடியாத நாளில் கூட்டம் போட்டு என்ன பிரயோசனம்?

அப்புறம், கூட்டத்தைவிட முக்கியமான வேலை நினைவுகளைச் சேகரிப்பது. "நல்ல மனுஷர்" என்று எல்லாரும் சொல்வார்கள், அதோடு விடாதீர்கள், என்ன செய்தார் என்று கேளுங்கள். ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு நிற்காமல் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார் என்று அப்துல் கலாம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தன் வீட்டில் கட்டுப்பாடு இருந்தும் அந்த முஸ்லிம் சிறுவனைச் சாப்பிடக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தவர் அவர். எத்தனையோ வருஷம் கழித்தும் அவரை நாம் பேசுவது இந்த மாதிரி விவரங்களால்தான்.

பழைய மாணவர்கள் பேசுவதை செல்போனில் பதிவு செய்யுங்கள், வயசானவர்களிடம் முதலில் போங்கள். அவர் எழுதிய மனுக்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள், போட்டோக்கள் வீட்டில் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கும். உப்புக்காற்றில் காகிதம் சீக்கிரம் மக்கிப்போகும் என்பதால் வீட்டாரிடம் கேட்டு வாங்கி, உடனே ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் மேடையிலும் சொல்லாதீர்கள், நினைவு மலர்ப் புத்தகத்திலும் போடாதீர்கள். அவரைக் காப்பாற்றத்தான் வாத்தியார் அவ்வளவு பாடுபட்டார்.

கூட்டத்துக்கு ஸ்பீக்கர் வைக்க போலீஸ் அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் வைக்கக் கூடாது. படத்தைத் திறப்பது எம்.எல்.ஏ.வாகத்தான் இருக்க வேண்டுமா? வாத்தியாரிடம் படித்து, அவரால் வழக்கில் ஜெயித்த ஒரு பெண் திறக்கட்டும். முன்வரிசை நாற்காலியைப் பிரமுகர்களுக்கென்று ஒதுக்காதீர்கள். தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17-வது பிரிவை ஒரு மாணவி தமிழில் வாசிக்கட்டும், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. டீயோ சாப்பாடோ எந்தத் தெருக்காரருக்கும் ஒரே பந்தி, ஒரே குவளை. இதில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

வசூலில் மிஞ்சிய பணத்தைச் சிலைக்கென்று முடக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாலை வகுப்புக்கு ஒரு அறையும் விளக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டும் போதும். வரவு செலவை எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுங்கள். நூலகத்துக்கோ தெருவுக்கோ அவர் பெயர் வைக்க விருப்பம் என்றால், அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எதுவானாலும் சரி, ஆனால் அவர் முடிக்காமல் விட்ட மனு ஏதாவது கிடப்பில் இருந்தால் அதையும் அதே நாளில் கையோடு எடுத்துப்போங்கள்.